கரண்ட் வந்துவிட்டது, ஆலை ஏன் இன்னும் வரவில்லை?

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: கல்முனையில் கரண்ட் போய்ப் பத்து நிமிடத்தில் வந்தால் ஐஸ் தொழிற்சாலையும் ஓடுகிறது, அரிசி மில்லும் ஓடுகிறது. வளைகுடாவில் அவருடைய மச்சான் வேலை செய்யும் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்தில் மட்டும் வோல்டேஜ் அரைச் செக்கன் விழுந்து எழும்பியதற்கு மூன்று கிழமை உற்பத்தி இல்லையாம். அவ்வளவு பெரிய இடத்தில் ஜெனரேட்டர் இல்லையா, கரண்ட் வந்த பிறகும் ஏன் தொடங்க முடியவில்லை என்பது கேள்வி. அடுத்த மாதம் இவரும் ஒபரேட்டர் வேலைக்குப் போகிறாராம். ஆகவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஜெனரேட்டர் இருக்கிறது. ஆலையைக் காயமில்லாமல் நிறுத்துவதற்குத்தான் அது. பெரிய சுத்திகரிப்பு நிலையம் ஒன்று பல பத்து மெகாவாட் இழுக்கும். அவசர டீசல் ஜெனரேட்டர் ஒன்றிரண்டு மெகாவாட்டுக்கு மேல் போவது அரிது. அவசர விளக்குகள், யு.பி.எஸ். சார்ஜர்கள், பெரிய கம்பிரசர்களின் பேரிங்குகளுக்கு எண்ணெய் விடும் லூப் ஒயில் பம்புகள், கருவிகளுக்கான காற்றுக் கம்பிரசர் ஒன்று, ஃபிளேர் (மிஞ்சும் வாயுவை எரித்துவிடும் உயரக் கோபுரம்) தொட்டியைக் காலி செய்யும் பம்ப், இவ்வளவுக்குத்தான் அது போதும். சொந்த டர்பைனில் கரண்ட் உற்பத்தி செய்யும் ஆலைகளும் உண்டு. அவற்றின் பாடு பின்னால் வரும். அதுவும் நிம்மதியான பாடில்லை.

முதலில் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம். சம்மாந்துறைப் பக்கம் புழுங்கல் அரிசி மில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உமி எரிக்கும் பொயிலர். கரண்ட் போனால் உமி தள்ளும் மோட்டர் நிற்கும், காற்று ஊதும் விசிறி நிற்கும், தண்ணீர் ஏற்றும் பம்ப் நிற்கும். தட்டில் கிடக்கும் உமித் தணல் மட்டும் நிற்காது. தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும், புதுத் தண்ணீர் வராது. அமுக்கம் ஏறி சேஃப்டி வால்வு சீறும். ஒவ்வொரு சீறலுக்கும் உள்ளே தண்ணீர் குறையும், கண்ணாடிக் குழாயில் மட்டம் இறங்கும். கைதேர்ந்த பொயிலர்காரர் தணலை வெளியே வாரி இழுப்பார், அல்லது நீராவியாலேயே ஓடுகிற இஞ்செக்டரைத் திறந்து தண்ணீர் ஏற்றுவார். மட்டம் கண்ணாடியை விட்டே கீழே போய்விட்டதென்றால் தண்ணீர்ப் பக்கம் கையே வைக்க மாட்டார். காய்ந்து சிவந்த குழாயில் தண்ணீர் பட்டால் பொயிலர் வெடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

சுத்திகரிப்பு நிலையத்தில் நடப்பது முழுவதும் இந்த உமிப் பொயிலருக்குள் இருக்கிறது. மோட்டர் நிற்கும், சூடு நிற்காது. காப்பாற்ற வருவது கரண்டில் ஓடாத ஒன்றாக இருக்க வேண்டும். முதல் நிமிடத்தில் சரியாக இருந்த வேலை ஐந்தாவது நிமிடத்தில் ஆபத்தான வேலையாகிவிடும். வித்தியாசம் அளவில்தான். 1969 இல் தொடங்கிய நம் நாட்டுச் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் சிறியது, அதுவே நாளொன்றுக்கு 50,000 பீப்பாய் மசகு (கச்சா) எண்ணெய்க்கானது. வளைகுடாவில் பல இலட்சம் பீப்பாய்.

இனி அந்த அரைச் செக்கனுக்கு வருவோம். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெக்கன். எங்கோ நூறு கிலோமீற்றர் தள்ளி ஒரு லைனில் மின்னல் விழுகிறது; பிரேக்கர் அதைத் துண்டிக்க ஐந்தாறு சுற்று எடுக்கிறது. அந்த நேரத்துக்குள் ஆலையில் வோல்டேஜ் பாதியாகிவிடுகிறது. மோட்டரைப் பிடித்து வைத்திருக்கும் கொன்டாக்டரின் காந்தச் சுருள் ஒன்றிரண்டு சுற்றிலேயே பிடியை விட்டுவிடும். வேகம் மாற்றும் ட்ரைவ்கள் உள்ளே டி.சி. வோல்டேஜ் குறைந்ததும் தாமாக நிற்கும். பிரேக்கரில் ஓடும் பெரிய மோட்டர்களுக்கோ குறைவோல்டேஜ் ரிலேயில் அரைச் செக்கன், ஒரு செக்கன் தாமதம் வைத்திருப்பார்கள். அவை தப்பி ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் மோட்டரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு போகிறது: வோல்டேஜ் 70 சதவீதமானால் முறுக்குவிசை 49 சதவீதம். பாரம் இழுத்துக்கொண்டிருந்த மோட்டர் தளர்ந்து, வோல்டேஜ் திரும்பியதும் மீண்டும் வேகம் பிடிக்கக் கரண்டை வாரி இழுக்கும். நூறு மோட்டர் ஒரே நேரத்தில் இப்படி இழுத்தால் வோல்டேஜ் மறுபடி விழும். நம் ஊரில் கரண்ட் வந்தவுடன் எல்லா வீட்டு ஃபிரிட்ஜும் தண்ணீர் மோட்டரும் ஒன்றாக எழும்ப, பல்ப் மங்கி எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் இது.

இதனால்தான், கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும், முழு இருட்டை விட அரை இருட்டுக்குத்தான் நான் அதிகம் பயப்படச் சொல்வேன். எல்லாம் ஒன்றாக நின்றால் எண்ணெயும் நிற்கிறது, எரிபொருளும் நிற்கிறது, கண்ட ஒபரேட்டருக்கும் சந்தேகமில்லை. பாதி நின்றால்? எண்ணெய் தள்ளும் பெரிய பம்ப் ஓடுகிறது, குளிர்விக்கும் சிறிய விசிறிகள் நின்றுவிட்டன. உள்ளே சூடு போகிறது, வெளியே சூடு போகவில்லை. திரையில் பாதி பச்சை, பாதி சிவப்பு. எது நின்றது, எது நின்றதாகக் காட்டுகிறது என்று பிரித்தறியவே மூன்று நான்கு நிமிடம் போய்விடும்.

‘எங்களுக்கு இரண்டு லைன் இருக்கிறது’ என்று ஆலைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இரண்டும் ஒரே கிரிட் நிலையத்திலிருந்து வந்தால், லைன் அறுந்தால் உதவும். வோல்டேஜ் விழுந்தால் இரண்டிலும்தான் விழும்.

மசகு எண்ணெய் வடிப்பு யூனிட்டைப் பார்ப்போம். எண்ணெய் உலையில் 350 முதல் 370 பாகை செல்சியஸ் வரை சூடாகி வடிப்புக் கோபுரத்துக்குள் போகிறது. மேலே ஏறும் ஆவியை, உச்சியில் பெரிய விசிறிகளுக்கு நடுவே கிடக்கும் செட்டைக் குழாய்கள் குளிரவைத்துத் திரவமாக்கும். அந்தத் திரவம் ஒரு தொட்டியில் விழும். ஒரு பங்கை பம்ப் ஒன்று திரும்பவும் கோபுர உச்சிக்கு அனுப்பும். கோபுரத்தின் மேல் பகுதி சூடேறாமல் இருப்பது இந்தத் திரும்பும் ஓட்டத்தால்தான். விசிறிகள் நின்றால் இயற்கைக் காற்றோட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் நான்கில் ஒரு பங்கு குளிர்ச்சிதான் மிஞ்சும். பம்ப் நின்றால் தொட்டி நிரம்பி, திரவம் குழாய்களுக்குள்ளேயே ஏறி நிற்கும். கிடைத்த அந்தக் கொஞ்சக் குளிர்ச்சியும் போய்விடும். ஆவிக்கு வேறு வழியில்லை. அமுக்கம் ஏறி ரிலீஃப் வால்வுகள் திறந்து ஃபிளேருக்குப் போகிறது. இது ஒரு கோபுரத்தில் மட்டும் நடந்தால் சிறிய விஷயம். கரண்ட் போனால் எல்லாக் கோபுரங்களிலும் ஒரே ஐந்து நிமிடத்துக்குள் நடக்கும். ஃபிளேர்க் குழாயின் பருமனைத் தீர்மானிக்கும்போது பொறியியலாளர்கள் முதலில் கணக்கிடும் நிலைமைகளில் ஒன்று ‘முழு மின்தடை’ என்பது அதனால்தான்.

உலையில் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். தொதல் கிண்டுவதை யாரும் பார்த்திருப்பீர்கள். கிண்டும் கை ஓய்ந்தால் அடிப்பிடிக்கும். விறகை இழுத்து வெளியே போட்டாலும் பிடிக்கும், தாச்சியிலேயே அவ்வளவு சூடு இருக்கிறது. உலைக் குழாயும் அப்படித்தான். எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும் வரை குழாயின் சூட்டை எண்ணெயே தூக்கிக்கொண்டு போகும். பம்ப் நின்றால் ஓட்டம் குறைந்ததைக் கண்டு பாதுகாப்பு வால்வு எரிபொருளை உடனே அடைத்துவிடும். ஆனால் சுவர்ச் செங்கல் பல நூறு பாகையில் இருக்கிறது; அது தொடர்ந்து கதிர்வீசும். குழாய்க்குள் தேங்கிய எண்ணெய் உடைந்து கரியாகி உட்சுவரில் ஒட்டும். அதற்காகத்தான் ஓட்டம் நின்றதும் குழாய்க்குள் நீராவியைத் திறந்து, எஞ்சிய எண்ணெயைக் கோபுரத்துக்குள் தள்ளிவிடுவார்கள். நீராவியும் போய்விட்டால்? கரி ஒட்டும். கரி சூட்டைக் கடத்தாது. அடுத்த முறை உலையைப் பற்றவைக்கும்போது அதே வெப்பநிலையில் எண்ணெய் வேண்டுமென்றால் குழாயின் வெளிப்புறம் முன்னையை விட அதிகம் சூடாக வேண்டும். குழாய் வீங்கும், ஒரு நாள் கிழியும். கரியை எடுக்க நீராவியும் காற்றும் விட்டு எரிக்க வேண்டும், அல்லது பற்கள் வைத்த உருண்டைகளைத் தண்ணீரால் தள்ளிச் சுரண்ட வேண்டும். மச்சான் சொன்ன மூன்று கிழமையில் சில நாள் இதற்கே போயிருக்கும்.

விசிறி வைத்த உலைகளில் இன்னொரு பொறி இருக்கிறது. விசிறி நின்று, எரிவாயு வால்வு அடைபடாமல் போனால், காற்றுப் போதாமல் எரியாத வாயு உலைக்குள் நிறைகிறது. அந்த நிலையில் கரண்ட் வந்து விசிறி தானாகச் சுழன்றால் காற்றும் சூடும் வாயுவும் ஓரிடத்தில் சேர்ந்துவிடும். ஆகவேதான் விசிறி நின்றால் எரிபொருளும் அடைபட வேண்டும் என்று பூட்டு வைத்திருப்பார்கள். திரும்பப் பற்றவைக்க முன் உலையை நீராவியாலோ காற்றாலோ கழுவ வேண்டும், வழக்கமாகக் கால் மணித்தியாலம். மேலதிகாரி தொலைபேசியில் அவசரப்படுத்தினாலும் அந்தக் கால் மணித்தியாலத்தில் கை வைக்கக் கூடாது.

இனி விஷயத்தின் நடுப்பகுதி, நீராவி. வெளியாட்கள் சுத்திகரிப்பு நிலையம் கரண்டில் ஓடுகிறது என்று நினைப்பார்கள். பாதி நீராவியில் ஓடுகிறது. 40 பார் அளவிலான உயர் அமுக்க நீராவி பெரிய கம்பிரசர்களின் டர்பைனைச் சுழற்றுகிறது. அங்கிருந்து இறங்கி 10, 12 பாரிலும் பிறகு 3, 4 பாரிலும் மற்ற வேலைகளுக்குப் போகிறது. முக்கிய பம்புகளுக்கு ஒன்று மோட்டரில், அதன் ஜோடி டர்பைனில் என்று வைத்திருப்பார்கள். மோட்டர்ப் பம்ப் நின்றால் டர்பைன்ப் பம்ப் தானாக எழும்பும். அரிசி மில்லின் இஞ்செக்டர் யோசனைதான் இதுவும்.

கடதாசியில் அழகான ஏற்பாடு. ஆனால் கரண்ட் முழுக்கப் போனால் எல்லா டர்பைன்களும் ஒரே நிமிடத்தில் நீராவிக்குக் கை நீட்டும். அதே நிமிடத்தில் பொயிலர்களின் காற்று விசிறி மோட்டரில் ஓடியதென்றால் அதுவும் நின்றிருக்கும். உற்பத்தி விழும் நேரத்தில் தேவை ஏறுகிறது. தலைமைக் குழாயில் அமுக்கம் 40 இலிருந்து 35, 30 என்று சரியும். அமுக்கம் சரிந்தால் டர்பைன்கள் தளரும், பொயிலருக்குத் தண்ணீர் ஏற்றும் டர்பைன்ப் பம்பும் தளரும். முழுப் பாரத்தில் ஓடும் பொயிலரின் டிரம்மில் தண்ணீர் சில நிமிடத்துக்குத்தான் தாங்கும். மட்டம் குறைந்தால் பொயிலர் தானாக நிற்கும். ஒரு பொயிலர் நின்றால் அதன் பாரமும் மற்றதன் தலையில். இங்கே தயங்காமல் சிலதை வெட்டிவிட வேண்டும்: சூடாக்கிகளுக்கான நீராவி, வெற்றிட எஜெக்டர்கள், பெறுமதி குறைந்த யூனிட்கள். எதை எந்த வரிசையில் வெட்டுவது என்று பட்டியல் முன்கூட்டியே எழுதிச் சுவரில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் கூடிப் பேசித் தீர்மானிக்க நேரமில்லை. எந்த யூனிட் மேலாளரும் தன் யூனிட்டை வெட்டச் சம்மதிக்கவும் மாட்டார்.

அதற்கும் மேலே ஒரு வளையம் இருக்கிறது. பொயிலர் எரிப்பது பெரும்பாலும் ஆலை தானே உற்பத்தி செய்யும் எரிவாயுவை. யூனிட்கள் நின்றால் அந்த வாயுவும் நின்றுவிடும். சரி, உலை எண்ணெய்க்கு மாற்றுவோம் என்றால், தடித்த உலை எண்ணெயைச் சூடாக்க நீராவி வேண்டும், பர்னரில் தூளாகத் தெளிக்கவும் நீராவி வேண்டும். நீராவி வேண்டுமென்றால் பொயிலர் எரிய வேண்டும். முட்டையும் கோழியும். இந்த வளையத்தை உடைக்க டீசலில் எரியும் சிறிய பொயிலர் ஒன்றோ, வெளியிலிருந்து வரும் இயற்கை எரிவாயுக் குழாயோ இருந்தால்தான் இருட்டிலிருந்து ஆலை தானாக எழும்ப முடியும்.

சொந்த மின் உற்பத்தியுள்ள ஆலைகளின் பாடு இதுதான்: அவற்றின் டர்பைன் இந்த நீராவியிலோ இந்த வாயுவிலோதான் ஓடுகிறது. கூடவே, வெளிக் கிரிட் விழும்போது ஆலையின் டர்பைன் நாட்டுக்கே கரண்ட் கொடுக்கப் பார்த்து மூச்சு முட்டும். செக்கனின் ஒரு பங்குக்குள் கிரிட்டிலிருந்து பிரிந்து, தன் பலத்துக்கு மேலான பாரத்தை உதறினால்தான் தப்பும்.

கருவிக் காற்று பற்றிப் பேசாமல் விட முடியாது. கட்டுப்பாட்டு வால்வுகள் கிட்டத்தட்ட எல்லாமே காற்றில்தான் அசைகின்றன, ஏறத்தாழ 7 பார். கம்பிரசர் நின்றாலும் சேமிப்புத் தொட்டி பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும். அதன் பிறகு ஒவ்வொரு வால்வும் தன் ஸ்பிரிங் தள்ளும் பக்கத்துக்குப் போகும். எரிபொருள் வால்வு மூடும். உலைக்கு எண்ணெய் விடும் வால்வும் குளிர்நீர் வால்வும் வழக்கமாகத் திறக்கும். வடிவமைத்தவர் ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் அந்தப் பக்கத்தைத் தெரிவுசெய்திருப்பார். ஆனால் பத்து வருடத்துக்கு முன் ஒரு வால்வு பழுதாகி, களஞ்சியத்தில் கிடந்த இன்னொன்றைப் பூட்டி, அதன் ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் தள்ளுவதாக இருந்தால், காற்றுப் போகும் நாள் வரை ஒருவருக்கும் தெரிய வராது.

ஃபிளேர் கோபுரம் அந்த நேரத்தில் கரும்புகை கக்கும். ஊர்ச் சனம் பயப்படுவது அதைப் பார்த்துத்தான். புகையில்லாமல் எரிய நுனியில் நீராவி வேண்டும், அது இல்லை, அவ்வளவுதான். எரிவது நல்லது. உண்மையில் கவனிக்க வேண்டியது கோபுரத்தின் அடியில் உள்ள தொட்டி. ஆவியோடு வரும் திரவத்தை அது பிடித்து நிறுத்தும். அதைக் காலி செய்யும் பம்ப் ஓடாவிட்டால் தொட்டி நிரம்பி, வாயுவுக்காகக் கட்டிய குழாயில் திரவம் ஏறும்.

அப்படி ஏறியதன் விளைவை உலகம் 1994 ஜூலை 24 இல் பார்த்தது. வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்ட் ஹேவனில் டெக்சாக்கோ சுத்திகரிப்பு நிலையம், ஞாயிற்றுக்கிழமை. காலையில் மின்னலோடு புயல். மின்சாரம் தடுமாறியது, மசகு எண்ணெய் யூனிட்டில் தீப்பிடித்தது. மற்ற யூனிட்கள் நிறுத்தப்பட்டன, கனமான எண்ணெயை உடைத்து இலேசாக்கும் யூனிட்டை மட்டும் ஓட்டிக் காப்பாற்றப் பார்த்தார்கள். அங்கே ஒரு கோபுரத்தின் அடி வால்வு மூடியே இருந்தது. திரை அதைத் திறந்திருப்பதாகக் காட்டியது. திரவம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது, வெளியே வரவில்லை. நிரம்பி, ஃபிளேர்த் தொட்டிக்கு வந்து, அதிலிருந்து வெளியேறும் குழாய் முறிந்து ஏறத்தாழ 20 தொன் எண்ணெயும் வாயுவும் கொட்டி வெடித்தன. 26 பேர் காயம், உயிரிழப்பு இல்லை. வேலை நாளாக இருந்திருந்தால் கணக்கு வேறு. மின்னல் அடித்தது காலையில், வெடித்தது ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் கழித்து. வெடிக்க முந்திய கடைசி 11 நிமிடத்தில் கட்டுப்பாட்டறையில் இருந்த இரு ஒபரேட்டர்கள் முன் 275 அலாரம் வந்திருந்தது. இரண்டரைச் செக்கனுக்கு ஒன்று. அதில் எது முக்கியம் என்று யாரால் பார்க்க முடியும்?

தம்பி குறித்துக்கொள்ள வேண்டியது அந்த ஐந்து மணித்தியாலத்தை. மின்தடையின் அடி முதல் நிமிடத்திலேயே விழுவதில்லை. பாதி நின்ற ஆலையை ‘எப்படியாவது பிடித்துக்கொள்வோம்’ என்று இழுத்துக்கொண்டு போகும்போது விழுகிறது. உள்ளே போகும் அளவும் வெளியே வரும் அளவும் பொருந்தவில்லை, காரணம் தெரியவில்லை என்றால், உள்ளே போவதை நிறுத்துங்கள். திரையில் ஒரு வால்வு திறந்திருப்பதாகத் தெரிந்தால் அது அனுப்பிய கட்டளையா, வால்வின் தண்டிலிருந்து வந்த செய்தியா என்று கேளுங்கள்.

உடைக்கும் யூனிட், எண்ணெயை ஹைட்ரஜனோடு வினைப்படுத்தும் யூனிட் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்குரியது. முதலாவதில் 700 பாகை அளவிலான தூள் வினையூக்கி இரண்டு பாத்திரங்களுக்கிடையே சுற்றி ஓடுகிறது. ஒன்றில் காற்று, மற்றதில் எண்ணெய் ஆவி. காற்றை ஊதும் யந்திரம் நின்றால் இரண்டும் கலக்காமல் தடுப்பது இடையிலுள்ள சறுக்கு வால்வுகள் மட்டுமே. இரண்டாவதில் 100 பாருக்கு மேல் அமுக்கத்தில் ஹைட்ரஜன் சுற்றுகிறது. சுற்றும் கம்பிரசர் நின்றால் வினைக்கலத்தின் சூடு தானாக ஏறத் தொடங்கும். அப்போது அவசர வால்வைத் திறந்து நிமிடத்துக்கு 7 பார், தேவைப்பட்டால் 21 பார் வீதம் அமுக்கத்தை ஃபிளேருக்கு இறக்குவார்கள்.

இப்போது கரண்ட் வந்துவிட்டது. கேள்வியின் இரண்டாம் பாதி இங்கேதான்.

ஆலை வெறுமையாக நிற்கவில்லை, நிரம்பி நிற்கிறது. கோபுர அடியிலுள்ள எச்ச எண்ணெய் நூற்றுச் சொச்சம் பாகையில்தான் ஓடும். குழாயைச் சுற்றிய நீராவி இழை குளிர்ந்தால் தார் போல இறுகும். சில மணித்தியாலத்துக்குள் டீசல் போன்ற மெல்லிய எண்ணெயை விட்டுக் கழுவித் தள்ளியிருந்தால் தப்பினார்கள். தவறியிருந்தால் குழாயை அடி அடியாகச் சூடாக்கி, சில இடங்களில் வெட்டி எடுக்க வேண்டும். கந்தக யூனிட்டில் உருகிய கந்தகம் 115 பாகைக்குக் கீழே கல்லாகிவிடும். குளிர்நீர் பம்புகள் நின்றபோது உயரத்திலிருந்த தண்ணீர் கீழே வடிந்து கோபுரத் தொட்டி வழிந்திருக்கும், குழாய்களில் காற்று நிற்கும்; பம்பை ஒரேயடியாகப் போட்டால் தண்ணீர் ஓடிவந்து வளைவில் சம்மட்டியால் அடித்தது போல் மோதிக் குழாய் இணைப்பை (ஃபிளாஞ்சை) பிளக்கும். வெளியேறும் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, மேலே காற்றை விட்டு, மெதுவாக நிரப்ப வேண்டும். திரும்பா வால்வு ஒழுகும் இடத்தில், நின்ற பம்ப் பின்னோக்கிச் சுழன்றுகொண்டிருக்கும். அதைப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டால் தண்டு முறுக்கும். கம்பிரசர் லூப் ஒயில் இல்லாமல் சுழன்று நின்றிருந்தால் பேரிங்கின் வெள்ளை உலோகம் உருகியதா என்று திறந்துதான் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான ரிலீஃப் வால்வுகளில் திறந்தவை எவை, ஒழுங்காக மூடிக்கொண்டவை எவை என்பது வேறு வேலை.

இவற்றுக்குப் பிறகுதான் தொடக்கம். கருவிக் காற்று, நைட்ரஜன், பொயிலர், குளிர்நீர், ஃபிளேர், அதன் பின் மசகு எண்ணெய் யூனிட், அதன் பின் மற்றவை. முந்தியது நிலைகொள்ளாமல் பிந்தியதைத் தொட முடியாது. செங்கல் பூசிய பாத்திரங்களை மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 50 பாகைக்கு மேல் சூடாக்கினால் செங்கல் வெடிக்கும். தொடங்கிய முதல் நாட்களில் வருவதும் விற்கக்கூடிய பெற்றோல் அல்ல. தரம் பிடிக்கும் வரை தனித் தாங்கிக்குப் போகும். 2024 பெப்ரவரி 1 இல் அமெரிக்காவின் இந்தியானாவில் விற்றிங் சுத்திகரிப்பு நிலையத்தில் மின்சாரம் போனது. நாளொன்றுக்கு 435,000 பீப்பாய் நிலையம். வழமைக்கு வர மார்ச் மாதமாகிவிட்டது. மூன்று கிழமை என்று மச்சான் சொன்னதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை.

இதே குணத்தை நம் நாட்டு மின்சாரத்திலேயே பார்த்தோமே. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதாகச் சொன்னார்கள். நாடு முழுவதும் இருட்டு. அன்று மாலைக்குள் நாட்டின் பல பகுதிகளுக்குக் கரண்ட் வந்துவிட்டது. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் 300 மெகாவாட் யந்திரங்கள் மூன்றும் அப்படித் திரும்பவில்லை. அடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு வந்ததே அதனால்தான். நுரைச்சோலையும் அடிப்படையில் ஒரு பெரிய பொயிலர்.

போகும் தம்பிக்குக் கையோடு சில விஷயம். முதல் கிழமையிலேயே உங்கள் யூனிட்டின் வரைபடத்தில் ஒவ்வொரு பம்புக்கும் பக்கத்தில் மோட்டரா டர்பைனா என்றும், ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் காற்றுப் போனால் திறக்குமா மூடுமா என்றும் சொந்தக் கையால் எழுதுங்கள். எழுதியதை வால்வின் பெயர்த்தகட்டோடு ஒப்பிடுங்கள். உலையின் நீராவி வால்வு, எரிபொருள் வால்வு, அவசரமாக அமுக்கம் இறக்கும் வால்வு மூன்றுக்கும் இருட்டில் நடந்து போகப் பழகுங்கள், டோர்ச் எப்போதும் சட்டைப்பையில். டீசல் ஜெனரேட்டரை மாதா மாதம் சும்மா பத்து நிமிடம் ஓட்டி ‘நல்லாயிருக்கிறது’ என்று கையெழுத்து வைப்பதை நம்ப வேண்டாம்; பாரமில்லாமல் ஓட்டினால் எரியாத டீசல் புகைக்குழாயில் படியும், மூன்றில் ஒரு பங்கு பாரமாவது கொடுத்துச் சோதிக்க வேண்டும். யு.பி.எஸ். பற்றரி அறையில் ஏசி ஓடுகிறதா என்று பாருங்கள். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். அரை மணித்தியாலம் தாங்கும் என்று எழுதியிருப்பது ஏழு நிமிடத்தில் கை விரித்துவிடும்.

கடைசியாக, தானாக எழும்பும் என்று வைத்திருக்கும் டர்பைன்ப் பம்ப். அதற்கு வரும் நீராவிக் குழாய் மாதக்கணக்காகச் சும்மா நிற்கும்போது உள்ளே ஆவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும். அதை வடிக்கும் ட்ராப் அடைபட்டிருந்தால், கரண்ட் போய் வால்வு திறக்கும் அந்தச் செக்கனில் ஆவிக்கு முன்னால் தண்ணீர் பாய்ந்து சக்கர இதழ்களில் அடிக்கும், டர்பைன் உதறிக்கொண்டு நிற்கும். ஷிஃப்டுக்குப் போனதும் அந்த ட்ராப்புக்கு முன்னும் பின்னும் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். முன்பக்கம் சூடு, பின்பக்கம் கொஞ்சம் குறைந்த சூடு என்றால் வேலை செய்கிறது. இரண்டும் ஆறிப்போய் இருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்து மாற்ற வையுங்கள்.